எருதுகளுக்குப் பெயர் இருந்த புத்தகம்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆறாயிரம் சனமும் அந்தப் பக்கம் ஒரு காளான் பண்ணையும் உள்ள ஹார்லன் மில் என்ற கனடாச் சிற்றூரில், குளிர் எலும்புக்குள் இறங்கும் ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, நகர நூலகத்தின் பழைய வரலாற்றுப் புத்தகம் ஒன்று என் மச்சாள் புவனராணியின் மடியில் கனக்கத் தொடங்கியது. முதலில் ஒரு பூசணிக்காய் அளவு, பிறகு ஓர் ஆட்டுக்குட்டி அளவு, பிறகு மடியில் வைத்திருக்கவே முடியாத அளவு கனத்து, அவள் கால் விறைத்துப்போய் "மச்சாள், ஒருக்கால் பிடியுங்கோ" என்று கூப்பிட்டபோது, நான் பக்கத்துக் கதிரையில் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை வாசித்துக்கொண்டிருந்தேன். என்னுடையது எப்போதும்போல ஒன்றேகால் கிலோதான் இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் அது முழுதாக அணையவில்லை.

நான் இராசமலர் ரீச்சர். ஊரில் இருபத்தாறு வருடம் வரலாறு படிப்பித்தவள், பட்டம் பெற்றவள், இங்கே வந்த பிறகு ரொறன்ரோவிலிருந்து இந்த ஆறு வரைக்கும் எந்தத் தமிழ் வீட்டில் செத்தவீடு நடந்தாலும் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரை எழுதுகிறவள். புவனராணி என் கணவரின் தங்கை, எட்டாம் வகுப்போடு நின்றவள், காளான் பண்ணையில் பெட்டி அடுக்குகிறவள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த மனிதர் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போய்விட்டதால், பங்கு பிரிக்க ஒன்றுமில்லாத இரண்டு பாகக்காரிகளைப்போல ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம்.

அவள்மேல் எனக்கிருந்த பொறாமை அந்தப் புத்தகத்தோடு தொடங்கியது என்று நினைக்கவேண்டாம். அது என் கல்யாணத்தன்று மத்தியானமே தொடங்கியது. முதல் பந்தியில் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட அவர், ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோனவர், நிறுத்தி, "தங்கச்சி சாப்பிட்டவளோ?" என்று கேட்டார். அதன் பிறகு பத்தொன்பது வருடம், மூன்று வேளையும், அதே கேள்வி.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். ஹார்லன் மில் ஊருக்கு இருநூறாவது ஆண்டு வருகிறது, அதற்கொரு புதிய வரலாற்று நூல் போடவேண்டும், அதில் ஹார்லன் குடும்பம் வருவதற்கு முன்னால் இங்கே இருந்தவர்களைப் பற்றிய அத்தியாயத்தை இராசமலர் ரீச்சர் எழுதட்டும் என்று நூலகர் பட்ரீசியா என்னைக் கேட்டிருந்தார். என் பெயர் அட்டையில் வரும் என்றும் சொல்லியிருந்தார். செத்த சனத்துக்கெல்லாம் மலர் எழுதி, அட்டையில் செத்தவரின் படத்தையே பார்த்துப் பார்த்துச் சலித்த எனக்கு, உயிரோடு என் பெயர் ஓர் அட்டையில் வருவது சின்ன விஷயமில்லை. நாலு வருடமாக நூலகத்தின் பழைய புத்தகங்களைக் கரைத்துக் குடித்தேன். பாதிரிமார் எழுதியது, நில அளவையாளர் எழுதியது, ஹார்லனின் பேரன் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் அச்சடித்த முன்னோடிகள் வரலாறு, எல்லாம். தமிழ்க் கடை வைரவநாதன் என்னைக் கண்டால் "ரீச்சருக்கு ஹார்லனின்ரை பூட்டியின்ரை பேரும் தெரியும்" என்று பகிடி பண்ணுவார். தெரியும்தான். பிரிசில்லா.

அந்தச் செவ்வாய்க்கிழமை புவனராணிக்கு விடுமுறை. வீட்டில் சூடாக்கி வேலை செய்யவில்லை என்று என்னோடு நூலகத்துக்கு வந்தவள், சும்மா இருக்கமுடியாமல் இரண்டாவது பிரதியை எடுத்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டி, விளங்காத வசனத்துக்கு என்னிடம் தமிழ் கேட்டுக் கேட்டு வாசித்தாள். பதினான்காம் பக்கத்தில், ஹார்லன் குடும்பம் முதல் பனிக்காலத்தில் மாவு தீர்ந்து பட்டினி கிடந்த கதை வருகிறது. ஹார்லன், அவர் மனைவி, அவர்களின் ஐந்து பிள்ளைகள் பிறந்த திகதியோடு, பக், பிரைட் என்ற இரண்டு எருதுகள், எல்லாரும் பெயர் சொல்லி வருகிறார்கள். பிறகு ஒரு வசனம். 'ஒரு செவ்விந்தியக் கிழவி மீனும் மேப்பிள் சர்க்கரையும் கொண்டுவந்து கொடுத்ததால் குழந்தைகள் பிழைத்தனர்.' அந்தக் காலத்துச் சொல், நான் மாற்றவில்லை. நான் அந்த வசனத்தை நாலு வருடத்தில் நூறு தரம் வாசித்திருப்பேன், ஒருதரம் அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

"மச்சாள், பக், பிரைட் எண்டது ஆர்?"

"மாடுகள்."

"மாட்டுக்குப் பேர் போட்டிருக்கு. பிள்ளையளைக் காப்பாத்தின மனுசிக்குப் போடேல்லையோ?" என்று அவள் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டாள், என்னை அல்ல. செத்தவீட்டில் பக்கத்தில் வந்து குந்தும் புது முகத்திடம் எங்கள் பெண்கள் யாருடைய மகள், எந்த ஊர் என்று கேட்பதுபோலவே, குரலைத் தாழ்த்தி, உரிமையோடு கேட்டாள். "ஆரம்மா நீங்கள்? ஆற்றை மகள்? எந்த ஊர்?"

அப்போதுதான் அது கனத்தது.

பட்ரீசியா ஓடிவந்து தூக்கப் பார்த்தார், முடியவில்லை. குறிப்புதவிப் புத்தகம் வெளியே போகக்கூடாது என்பது நூலகத்தின் சட்டம் என்பதால், வைரவநாதன் தன் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசிப்பறையின் நடுவில் வைத்தார். புத்தகத்தின் எடை போக, நாற்பத்தேழு கிலோ. "மெலிஞ்ச மனுசியாத்தான் இருந்திருப்பா, பாவம். தன்ரை சாப்பாட்டையெல்லோ குடுத்திருக்கிறா" என்றாள் புவனராணி, அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் இருபத்திரண்டாம் பக்கத்தில், அளவையாளருக்குச் சதுப்பு நிலத்தில் வழி காட்டி, வேலை முடிந்ததும் புத்தகத்திலிருந்தே காணாமற்போகும் 'வழிகாட்டி ஒருவன்' வந்தான், அவனையும் அவள் கேட்டாள், எண்பது கிலோ ஏறியது. அதற்கடுத்த செவ்வாய் முப்பத்தோராம் பக்கத்தில் அம்மை வந்து செத்த ஒரு கைக்குழந்தை, ஐந்து கிலோ. அன்றைக்கு மட்டும் தராசைப் பார்த்த வைரவநாதன் எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டினார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதையும் எடுத்துக்கொள்வதுபோலத்தான். நகரசபைப் பொறியியலாளர் வந்து தரையைத் தட்டிப் பார்த்து, நூற்று முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல் போனால் தன்னிடம் சொல்லவேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார். தச்சன் வந்து மேசைக்கு இரும்புக் கால் போட்டான். 'பாரம் தூக்கும்போது முழங்காலை மடிக்கவும், முதுகை வளைக்கவேண்டாம்' என்ற அறிவிப்பை பட்ரீசியா சுவரில் ஒட்டினார். காளான் பண்ணைப் பெண்கள் வேலைக்குப் போகும் வழியில் உள்ளே வந்து, புத்தகத்தின் பக்கத்தில் தோடம்பழமோ பிஸ்கட்டோ வைத்துவிட்டுப் போனார்கள், நூலகத்துக்குள் சாப்பாடு கூடாது என்ற சட்டம் அந்த ஒரு மேசைக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. ரொறன்ரோவிலிருந்து தமிழ் வானொலிக்காரர் வந்து புவனராணியின் வாயருகே மைக்கை நீட்டினார்கள். "நான் ஒண்டும் செய்யேல்லை. கேட்டனான், அவ்வளவுதான்" என்று அவள் சொன்னதை அவர்கள் மூன்று தரம் ஒலிபரப்பினார்கள். அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விட்டது நான். என்னிடம் கார் நிறுத்த இடம் கேட்டார்கள்.

கோர்டன் ஹார்லன் என்ற பெரிய மனிதர், ஹார்லனின் வழித்தோன்றல், கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, படத்தோடு அச்சிட்டிருக்கும் தன் முப்பாட்டனின் பெயரை நெஞ்சை நிமிர்த்தி வாசித்தார். தராசின் முள் அசையவில்லை. பிரிசில்லாவை வாசித்தார், அசையவில்லை. பக்கையும் பிரைட்டையும்கூட வாசித்தார். பெயர் போட்ட ஆளுக்கு எடை ஏறவில்லை. முகம் சிவந்து வெளியே போன அந்த வெள்ளைக்காரரைப் பார்க்க எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது, ஏனென்றால் அதற்கு முந்தைய நாள் காலை ஒருவரும் வராத நேரத்தில் நான் போய் என் பிரதியை மடியில் வைத்து அதே கேள்வியை, அதே குரலில், தமிழிலும் இங்கிலீசிலும் கேட்டுப் பார்த்திருந்தேன். ஒன்றேகால் கிலோ. எனக்கு அட்டையில் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு தரம் என் கையில் கனக்கவேண்டும் என்று அன்றைக்கு மனம் ஏங்கியது.

ஏன் அவளுக்கு மட்டும் என்று யோசித்து யோசித்து நான் நித்திரை கெட்டேன். போர் முடிந்து முகாம்களில் இருந்தபோது, நான் படித்தவள் என்பதால், கணவரைப் பற்றிய படிவங்களை மூன்று பிரதிகளில் ஒரு பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தேன். அவளோ ஒரு படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக, வரிசை வரிசையாக, "அளவெட்டிச் சின்னத்துரையற்றை மகன், இரகுநாதன், கண்டனீங்களோ?" என்று கண்ட சனத்தையெல்லாம் கேட்டுத் திரிந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து, நாங்கள் கனடா வந்து ஸ்காபரோவில் இருந்தபோது, அந்தப் படிவங்களுக்குப் பதிலாக ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'ஆண், வயது ஏறக்குறைய நாற்பத்தெட்டு, அடையாளம் காணப்படவில்லை' என்ற ஒரு வரி, அதற்கொரு இலக்கம். நான் வாசித்தேன், மேசையில் வைத்தேன், வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கடிதம் அங்கே இல்லை. நான் தேடவில்லை.

ஏழாவது வாரம் பட்ரீசியா தொலைபேசியில் கூப்பிட்டார். அத்தியாயத்தை நானே எழுதலாமாம், ஆனால் அட்டையில் புவனராணியின் பெயரைப் போட்டால் நன்றாக இருக்கும் என்று குழு நினைக்கிறதாம். "உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு கழுவி வைத்த பாத்திரங்களையெல்லாம் இன்னொருதரம் கழுவினேன்.

இந்த இடத்தில் என் தொழில் இரகசியம் ஒன்றைச் சொல்லவேண்டும். நினைவு மலரில் வம்சவழி போடுவது எங்கள் வழக்கம், இன்னாரின் மகன், இன்னாரின் பேரன், இன்னாரின் பூட்டப்பிள்ளை என்று. பூட்டனின் பெயர் தெரியாத குடும்பம் எத்தனையோ உண்டு. இடத்தை வெறுமையாக விட்டால் வந்த சனம் என்ன நினைக்கும் என்று அவர்கள் கண்கலங்கும்போது, நான் பொருத்தமாக ஒரு பெயரைப் போட்டுவிடுவேன். இந்த மாகாணத்தில் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத பதினொரு குடும்பங்களுக்கு வேலாயுதர் என்ற ஒரே பூட்டனை நான் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. எல்லாரும் நன்றி சொல்லி அழுதார்கள்.

ஆகவே அடுத்த சனிக்கிழமை காலை, நூலகம் திறந்த கையோடு உள்ளே போனேன். புத்தகம் அவளுடையதாகவே இருக்கட்டும், பதில் என்னுடையதாக இருக்கட்டும், ஒரு கேள்விக்கு நாற்பத்தேழு கிலோ என்றால் பதிலுக்கு எவ்வளவு வரும் என்று என் புத்தி கணக்குப் பார்த்தது. ஒரு பாதிரியார் தொகுத்த பழைய சொற்பட்டியலில் இருந்து அழகான பெயர் ஒன்றைப் பொறுக்கி வைத்திருந்தேன். முழங்காலை மடித்து உட்கார்ந்து, பதினான்காம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், என் முத்துமுத்தான கையெழுத்தில், அந்தப் பெயரையும், இன்னாரின் மகள் என்றும், இன்ன ஊர் என்றும் எழுதினேன். அந்தப் பெயரை இங்கே சொல்லமாட்டேன், அது ஒருவருடைய பெயரும் அல்ல.

எழுதி முடித்துப் புத்தகத்தைத் தொட்டேன். அது வாசித்து முடித்த பேப்பர்போல என் கையோடு வந்தது. பக்கங்களைத் தட்டினேன், உதறினேன், முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து குழந்தையையும் தேடினேன். நூற்று முப்பத்திரண்டு கிலோவும் போய்விட்டிருந்தது. அழிரப்பர் தேடி எழும்பும்போது வாசலில் சனத்தின் குரல் கேட்டது.

அன்றைக்கு ஆற்றுக்கு மேலே பன்னிரண்டு மைலில் இருக்கும் அனிஷினாபே என்ற பூர்வகுடி ஆட்களை பட்ரீசியா கூப்பிட்டிருந்தார். பொறியியலாளரையும் தச்சனையும் வானொலியையும் கூப்பிட்டு முடிந்து, ஏழு வாரம் கழித்துத்தான் அவர்களைக் கூப்பிடவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கு நினைவு வந்தது. வந்தவர் டோரீன் என்ற அறுபது வயதுப் பெண், பாடசாலை பஸ் ஓட்டுகிறவர், கையில் இன்னும் ஓட்டுநர் கையுறை. அவருக்குப் பின்னால் புவனராணி, வைரவநாதன், கோர்டன் ஹார்லன், பண்ணைப் பெண்கள், எல்லாரும் வந்தார்கள். டோரீன் புத்தகத்தை ஒற்றைக் கையால் எடுத்தார். அறை முழுக்க மூச்சை இழுத்தது. அவர் பதினான்காம் பக்கத்தைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, பென்சில் எழுத்தை வாசித்தார்.

"இதை எழுதியது யார்?"

எல்லாரும் கோர்டன் ஹார்லனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் பாவம், இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். புவனராணி மட்டும் என்னைப் பார்த்தாள், என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

"நான்," என்றேன்.

"ஏன்?"

"பெயர் தெரியவில்லை. வெறுமையாக விட மனம் வரவில்லை."

"உங்களுக்குத் தெரியவில்லை," என்றார் டோரீன், கோபப்படாமல், பஸ்ஸில் இடம் மாறி இருக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "எங்களுக்குத் தெரியும். அவள் என் அம்மாவின் வழி. ஒவ்வொரு வசந்தமும் எங்கள் வீட்டில் மேப்பிள் மரத்தில் முதல் வாளியைக் கட்டும்போது அவள் பெயரைச் சொல்லித்தான் கட்டுவோம். பன்னிரண்டு மைல். முப்பது வருடமாக இந்த நூலக வாசலால்தான் பஸ் ஓட்டுகிறேன். ஒருவரும் கையை நீட்டி நிறுத்திக் கேட்கவில்லை."

இதை நான்தான் தமிழில் மொழிபெயர்த்து மச்சாளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. ஒரு சொல் விடாமல் சொன்னேன். புவனராணி கேட்டுவிட்டு, நேராக டோரீனின் பக்கத்தில் போய் நின்று, தமிழிலேயே, "அவ ஆற்றை மகள்?" என்றாள். நான் அதையும் மொழிபெயர்த்தேன். டோரீன் கையுறையைக் கழற்றினார். பிறகு குனிந்து அவள் காதுக்குள் தன் மொழியில் ஏதோ சொன்னார், நீளமாகச் சொன்னார், புவனராணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். இருபத்தாறு வருடம் வரலாறு படிப்பித்த நான் மூன்றடி தூரத்தில் நின்றேன், எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை. அந்தப் பொறாமையை எழுதச் சொல்லுக்கு நான் எங்கே போவேன்?

டோரீன் என் எழுத்தை நன்றாக அழித்தார். அந்த அத்தியாயத்தைத் தாங்களே எழுதுவார்கள், எழுதவேண்டியதை மட்டும் எழுதுவார்கள் என்று பட்ரீசியாவிடம் சொன்னார். என் பெயர் பட்டியலில் இருந்து வெட்டப்பட்டது, புவனராணியின் பெயரும் அவளே கேட்டு வெட்டப்பட்டது. "என்னெண்டாலும் எடை எங்கை போனது?" என்று தராசைத் துடைத்துக்கொண்டு கவலைப்பட்ட வைரவநாதன்தான் யன்னலால் முதலில் கண்டார். டோரீனின் பிக்கப் வண்டி, அவர் ஒருவரே ஏறியிருந்தும், மூன்று பேரை ஏற்றியதுபோலப் பின்சக்கரம் அமுங்கி, ஆற்றோரத் தெருவால் மெதுவாக, பள்ளம் பார்த்து, கைக்குழந்தை இருக்கும் வண்டியை ஓட்டுவதுபோலப் போய்க்கொண்டிருந்தது.

அந்த அமுங்கிய சக்கரத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. நாலு வருடத்துக்கு முன் ஸ்காபரோவிலிருந்து வீடு மாறியபோது, மச்சாளின் சின்ன மண்ணிறச் சூட்கேசை இரண்டு தடியன்கள் சேர்ந்து மூச்சுவாங்கித் தூக்கி, "கல்லையோ அக்கா கொண்டுபோறியள்?" என்று கேட்டார்கள். ஊரிலிருந்து அம்மியைக் கொண்டுவந்திருக்கிறாள், பட்டிக்காடு, என்று நான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவள் அறைக்குள் போனேன். கட்டிலுக்குக் கீழே இருந்தது. பிடியில் பிடித்து இழுத்தேன், அசையவில்லை.

"இதுக்குள்ளை என்ன?"

புவனராணி கதவு நிலையில் நின்றாள். "அண்ணன்," என்றாள்.

பூட்டு இல்லை. திறந்தேன். அம்மி இல்லை, ஒன்றுமில்லை, நாலாக மடித்த அந்த ஒரு கடிதம்தான் கிடந்தது. ஓரத்தைக் கிள்ளி எடுக்கப் பார்த்தேன். கடிதம் அசையவில்லை. இரண்டு கையும் கொடுத்தேன், அசையவில்லை.

"எத்தனை வருசமாய்?"

"பதினாலு. நீங்கள் வாசிச்சுப்போட்டு மேசையிலை வைச்சிட்டுப் போட்டீங்கள். நான் எடுத்து, ஆற்றை பிள்ளை, எந்த ஊரெண்டு கேட்டன். கனத்துது."

"பதினாலு வருசம் என்ரை மனுசனை உங்கடை கட்டிலுக்குக் கீழை வைச்சிருந்தனீங்கள். எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லையே, மச்சாள்."

கேட்கவில்லைதான். நான் முழங்காலை மடித்தேன், முதுகை வளைக்கவில்லை, சூட்கேசின் கீழே இரண்டு கையையும் விட்டு அணைத்துப் பிடித்தேன். கல்யாணத்தில் அறுபத்தாறு கிலோ இருந்தவர். இது அவ்வளவு இல்லை, நன்றாக மெலிந்துதான் போயிருந்தார். என் வாயில் ஊரும் பேரும் வரவில்லை, அவை எனக்குத் தெரியும். எனக்குக் கேட்க இருந்தது வேறு.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன்.

தூக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. "விடுங்கோ, இரண்டு பேருமாய்ப் பிடிப்பம்" என்று புவனராணி இரண்டடி கிட்ட வந்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் எங்களை அப்படியே விட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.